விடிஞ்சா புதன்

எங்க தாத்தா எந்தக் கிழமை பொறந்தார்னு வீட்ல யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "செவ்வாய்க்கிழமை ராத்திரி, விடிஞ்சா புதன்." ஆச்சி சொன்னாலும் அதே, அத்தை சொன்னாலும் அதே. இந்த "விடிஞ்சா புதன்"ங்கறதை எந்த டேட்டாபேஸ்ல எந்தக் கட்டத்துல போடறதுன்னு தெரியாம மூணு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளமாப் போகும், காப்பி போட்டு வெச்சுக்கிட்டு உட்காருங்க.

சாரல் சீசனுக்குத் தென்காசி போயிருந்தேன். குற்றாலத்துல கூட்டம், அருவிக்கரைல வரிசையில நின்னு அஞ்சு நிமிஷம் தலையைக் காட்டிட்டு வர்றதுக்குள்ள பாதி நாள் போயிடுது. மீதி நேரம் வீட்ல சும்மாதானே இருக்கோம்னு, ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்த வேலையை எடுத்தேன். எங்க குடும்பத்தோட வம்சாவளியை ஒரு டேட்டாபேஸ்ல ஏத்தற வேலை. யாரு யாருக்கு யாரு, எப்போ பொறந்தாங்க, எப்போ கல்யாணம், எப்போ போய்ச் சேர்ந்தாங்க, அவ்வளவுதான். நாலு டேபிள். ஒரு சாயங்காலத்துல முடியும்னு நினைச்சேன். (என்னோட எல்லா மென்பொருள் மதிப்பீடும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.)

முதல்ல தாத்தா. அவர் பொறந்தது 1943. தாத்தாவோட அப்பா, எங்க பூட்டையா, கடைக் கணக்கு நோட்டுல எழுதி வெச்சிருக்கார்: 28-7-43, மணி 3-40, ஸ்டேஷன் கடியாரப்படி. வீடு தென்காசி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கம். அதை அப்படியே போஸ்ட்கிரஸ்ல ஏத்தினேன். நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா. சரி, ஆச்சு. அப்புறம் அதைத் திரையில காட்டறதுக்கு ஒரு சின்ன நிரல் எழுதினேன். அதுல சோம்பேறித்தனமா, நமக்கு எப்பவும் அஞ்சரை மணிதானேன்னு, யூடிசி-யோட 5.30 கூட்டிக் காட்டுன்னு நேரா எழுதிட்டேன்.

திரையில வந்தது 2.40.

ஏத்தினது 3.40, வந்தது 2.40. ஒரு மணி நேரம் காணோம். மத்தவங்க எல்லாருக்கும் சரியா வருது. அத்தைக்குச் சரி, அப்பாவுக்குச் சரி, எனக்குச் சரி. தாத்தாவுக்கு மட்டும் ஒரு மணி நேரம் குறையுது. என் நிரல்லதான் எங்கேயோ ஓட்டைன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் தேடினேன். கிடைக்கல. கடைசியில அலுத்துப்போய், அந்த ஒரு வரிசையை மட்டும் கையால திருத்திட்டுப் படுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். நல்லவேளை, படுத்துட்டேன், திருத்தல.

மறுநாள் காலையில ஆச்சி பீரோவுல இருந்து தாத்தாவோட ஜாதகத்தை எடுத்துக் குடுத்தாங்க. மஞ்சள் தடவின நாலு மூலையும் அரிச்சுப் போன தாள். சுபானு ௵, ஆடி ௴, கொல்லம் 1118, செவ்வாய்க்கிழமை, உதயாதி நாழிகை 51, விநாழிகை 15, ரிஷப லக்னம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாழிகை 24 நிமிஷம். 51¼ நாழிகைன்னா இருபதரை மணி நேரம். ஆடி மாசத்துல தென்காசியில சூரியன் உதிக்கறது சுமார் 6.10. அதோட இருபதரை மணி நேரம் கூட்டினா மறுநாள் விடியக்காலம் 2.40.

பூட்டையா நோட்டுல 3.40. ஜோசியர் கணக்குல 2.40. என் நிரல் காட்டினதும் 2.40. எனக்கு முதுகுல சில்லுன்னு ஆயிடுச்சு. எண்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஜோசியர் போட்ட கணக்கு என் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

தெரிஞ்சிருந்தது. எப்படின்னா, உலகத்துல உள்ள கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் நம்பியிருக்கற ஒரு நேர மண்டலத் தொகுப்பு இருக்கு. ஆர்தர் டேவிட் ஓல்சன்னு ஒருத்தர் ஆரம்பிச்சு, பால் எக்கர்ட் போன்ற தன்னார்வலர்கள் பராமரிச்சுக்கிட்டு வர்ற சாதாரண எழுத்துக் கோப்பு அது. எந்த ஊர்ல எந்த வருஷம் கடிகாரத்தை எவ்வளவு நகர்த்தினாங்கன்னு வரி வரியா எழுதி வெச்சிருப்பாங்க. அதுல கொல்கத்தாவுக்கு நேரா போய்ப் பாருங்க. 1906 ஜனவரி 1 வரைக்கும் சென்னை நேரம், அதாவது யூடிசி-யை விட சுமார் 5 மணி 21 நிமிஷம் முன்னால. அதுக்கப்புறம்தான் இந்திய நேரம் 5.30. பிறகு இரண்டாம் உலகப் போர். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி 6.30 ஆக்கிட்டாங்க. 1942 செப்டம்பர் 1-ல இருந்து 1945 அக்டோபர் 15 வரைக்கும் இந்தியா பூரா அந்த நேரம்தான் ஓடியிருக்கு.

தாத்தா பொறந்தது சரியா அதுக்கு நடுவுல. ஸ்டேஷன் கடியாரம் 3.40 காட்டினப்போ பழைய நேரப்படி மணி 2.40. ஜோசியர் அதைத் தெரிஞ்சு ஒரு மணியைக் கழிச்சுட்டு எழுதியிருக்கார். போஸ்ட்கிரஸும் தெரிஞ்சு கழிச்சிருக்கு. தெரியாம முழிச்ச ஒரே ஆளு, மாசாமாசம் சம்பளம் வாங்கிக்கிட்டு சாஃப்ட்வேர் எழுதற நான்தான். 3.40-ன்னு வெச்சு லக்னம் கணிச்சா மிதுனம் வரும். 2.40-க்கு ரிஷபம். ஜாதகத்துல எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது, அது வேற விஷயம். ஆனா யுத்த காலத்துல பொறந்தவங்களுக்கு ஒரு மணி கழிக்கணும்னு பழைய ஜோசியர்கள் எல்லாருக்கும் தெரியும். நம்ம ஆட்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, இப்போ என் கட்சிக்கு வர்றேன். எங்க தொழில்ல ஒரு மந்திரம் இருக்கு. "எல்லாத் தேதியையும் யூடிசி-ல சேமி, காட்டும்போது மாத்திக் காட்டு." வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக் குடுத்துடுவாங்க. அதைச் சொல்றவங்க யாரும் "எல்லாத் தேதியும்"ங்கறதுல பொறந்த நாளும் அடக்கமான்னு யோசிக்கறதில்ல. என்னைக் கேட்டா, அந்த மந்திரத்தைப் பாதி அழிச்சுட்டுத்தான் சொல்லிக் குடுக்கணும்.

ஏன்னு எங்க அத்தை கதையைச் சொன்னாத்தான் புரியும்.

அத்தை அரசு அலுவலகத்துல வேலை பார்த்தவங்க. எந்த அலுவலகம்னு சொல்லல, சொல்லி ஆகப்போறதும் இல்ல. பணிப்பதிவேட்டுல அவங்க பிறந்த தேதி 2-6-1964. எண்ணிலயும் எழுதி, "இரண்டு ஜூன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு"ன்னு எழுத்துலயும் எழுதி, மேல முத்திரை வெச்சிருக்கும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு ஓய்வு வயசு 58-ஆ இருந்து, 2020-ல 59 ஆகி, 2021-ல 60 ஆச்சு. 60 முடியற மாசத்தோட கடைசி நாள் ஓய்வு. அதாவது அத்தைக்கு 2024 ஜூன் 30.

ஆனா புதுசா வந்த ஒரு மென்பொருள் தயாரிச்ச பட்டியல்ல அத்தைக்கு ஓய்வு 2024 மே 31-ன்னு இருந்தது. பிறந்த தேதி 1-6-1964.

ஒரு நாள்தானே வித்தியாசம், அதுக்கு ஏன் ஒரு மாசம் போகுதுன்னு கேக்கறீங்களா? அங்கதான் இருக்கு விஷயம். மாசத்தோட 1-ஆம் தேதி பொறந்தவங்க அதுக்கு முந்தின மாசக் கடைசியிலயே ஓய்வு பெறணும்னு விதி இருக்கு. 1-ஆம் தேதி பொறந்தவருக்கு 31-ஆம் தேதியே 60 முடிஞ்சிடுதே, அதனால. ஆக, 2-ஆம் தேதி 1-ஆம் தேதி ஆனா ஒரு மாச சம்பளம் காலி.

அத்தை எனக்குப் போன் பண்ணினாங்க. "ஏய்யா, நீ கம்ப்யூட்டர்லதானே இருக்க, இது என்னன்னு பாரு. நான் ஒரு நாள் முந்திப் பொறந்துட்டேனாம்" அப்படின்னாங்க. பட்டியலோட எக்செல் பிரதியை அனுப்பச் சொன்னேன். பார்த்த உடனே புரிஞ்சு போச்சு. ஒரு பக்கத்துல பிறந்த தேதிக்குப் பின்னால 18:30-ன்னு ஒரு நேரம் ஒட்டிக்கிட்டு நின்னுது. அத்தைக்கு மட்டும் இல்ல, பட்டியல்ல இருந்த அத்தனை பேருக்கும் 18:30. எல்லாருமே சாயங்காலம் ஆறரை மணிக்குப் பொறந்தவங்களா என்ன?

நடந்தது இதுதான். பிறந்த தேதியை வெறும் தேதியா வைக்காம, நேரத்தோட சேர்ந்த வகையில வெச்சுட்டாங்க. நேரம் குடுக்கலேன்னா நடுராத்திரி 00:00-ன்னு அது தானா போட்டுக்கும். நம்ம ஊர் 2-ஆம் தேதி நடுராத்திரிங்கறது யூடிசி-ல 1-ஆம் தேதி சாயங்காலம் 6.30. மந்திரப்படி யூடிசி-ல சேமிச்சாச்சு. அப்புறம் அறிக்கை எழுதின ஆளு, திரும்ப மாத்தாம, நேரத்தை மட்டும் வெட்டிட்டுத் தேதியை எடுத்துக்கிட்டார். ஆளுக்கு ஒரு நாள் முந்திப் பொறந்தாச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, ஒருத்தரும் கண்டுக்கல. 15-ஆம் தேதி பொறந்தவர் 14 ஆனா ஓய்வு மாசம் மாறாது. 1-ஆம் தேதி பொறந்தவர் முந்தின மாசம் 31 ஆனாலும் மாறாது, அவர் ஏற்கெனவே அந்த மாசம்தானே போகணும். 2-ஆம் தேதி பொறந்தவங்க மட்டும்தான் மாட்டுவாங்க. முப்பதுல ஒருத்தர் அழுவார், மீதி இருபத்தொம்பது பேர் "எனக்குச் சரியாத்தானே இருக்கு"ன்னு சொல்லுவாங்க. சோதிச்சுப் பார்த்தவங்களும் பத்துப் பேரை எடுத்து ஓய்வு மாசம் சரியான்னு பார்த்திருப்பாங்க, சரியாத்தான் வந்திருக்கும்.

அத்தையைக் காப்பாத்தினது அந்தப் பணிப்பதிவேட்டுல மையில எழுத்தால எழுதியிருந்த "இரண்டு"தான். அதை எந்த நேர மண்டலத்துக்கும் மாத்த முடியாது பாருங்க. மூணு மனு, நாலு நடை, கடைசியில ஜூன் 30-ஆம் தேதிதான் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினாங்க.

இதுக்கு மேல ஒரு கூத்து சொல்லட்டுமா? அத்தை ஜூன் மாசமே பொறக்கல. தாத்தா சொல்றார், "அவ பொறந்தது ஐப்பசிலே. அடைமழை. மருத்துவச்சியைக் கூட்டியாறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குல்லா தெரியும்." 1969 ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனப்போ அஞ்சு வயசு முடிய நாலஞ்சு மாசம் குறைஞ்சிருக்கு. வாத்தியார் தலைக்கு மேல கையைச் சுத்திக் காதைத் தொடச் சொல்லியிருக்கார். தொட்டுருச்சு. "சரி, ஜூன் ரெண்டுன்னு போட்டுக்கிடுதேன்"னு எழுதிட்டார். நம்ம ஊர்ல அந்தத் தலைமுறையில பாதிப் பேர் மே, ஜூன்லதான் பொறந்திருப்பாங்க. வேணும்னா உங்க வீட்லயே விசாரிச்சுப் பாருங்க.

ஆக, ஒரு வாத்தியார் மனசுல தோணின தேதி. அது ஒரு நாள் நகர்ந்ததுக்கு நாலு நடை. ஆனா அது பொய்த் தேதின்னு தள்ளிட முடியாது. ஊதியம், ஓய்வு, ஓய்வூதியம் எல்லாம் அதுலதான் தொங்குது. அது சட்டப்படியான தேதி. ஐப்பசி மழை உண்மையான நாள். ரெண்டும் வேற வேற தகவல், ரெண்டையும் சேமிக்கணும். நம்ம டேபிள்ல ஒரே ஒரு கட்டம்தான் வெச்சிருக்கோம்.

(குரோதி வருஷம் பொறந்து, மறுபடி குரோதி வருஷத்துலயே ஓய்வு பெற்றாங்க. 1964-ம் குரோதி, 2024-ம் குரோதி. ஜூன்னு வெச்சாலும் ஐப்பசின்னு வெச்சாலும் குரோதிதான், அதுல மட்டும் யாரும் கை வைக்க முடியல.)

அறுபது வருஷச் சுழற்சியைப் பத்திச் சொல்லியே ஆகணும். 2000 பொறக்கறப்போ வருஷத்துக்கு ரெண்டு இலக்கம் வெச்சுட்டோமேன்னு உலகமே பதறிச்சுல்ல? நம்ம ஆட்கள் எத்தனையோ நூற்றாண்டா அந்தத் தப்போடவே குடித்தனம் நடத்தியிருக்காங்க. தாத்தா சுபானு வருஷம், 1943. என் சித்தி பையன் 2003, அவனும் சுபானு. "சுபானு வருஷம் ஆடி மாசம்"னு மட்டும் ஒரு ஓலையில இருந்தா அது 1943-ஆ, 1883-ஆ, 1823-ஆன்னு யாரு சொல்றது? அதனாலதான் தாத்தா ஜாதகத்துல பக்கத்துலயே கொல்லம் 1118-ன்னு போட்டிருக்கு. பெயரும் எழுதி எண்ணும் எழுதிட்டா குழப்பம் இல்ல. பணிப்பதிவேட்டுல எண்ணிலும் எழுத்திலும் எழுதற அதே புத்தி.

கொல்லம் ஆண்டு எங்க பக்கத்துல சாதாரணம். கி.பி. 825-ல ஆரம்பிக்கற கணக்கு. இதுல ஒரு சுவாரசியம், தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவுல சில மைல்தான், ஆனா 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் கொல்லம் ஜில்லாவுல இருந்தது. அங்க சர்க்கார் காகிதத்துலயே கொல்லம் ஆண்டுதான். பூட்டியோட சீதன வயல் பத்திரம் செங்கோட்டைப் பக்கத்தது, 1112 ஐப்பசின்னு இருக்கு. என் பெரியப்பா பையன் ஒருத்தன் எக்செல்ல 825-ஐக் கூட்டி 1937-ன்னு போட்டு வெச்சிருக்கான். தப்பு. கொல்லம் வருஷம் நமக்கு ஆவணி 1-ல பொறக்குது. ஆவணில இருந்து டிசம்பர் வரைக்கும் 824-ஐக் கூட்டணும், ஜனவரில இருந்து ஆடி வரைக்கும்தான் 825. திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டது 1112 துலாம் 27. அது 1936 நவம்பர் 12, பள்ளிக்கூடப் புத்தகத்துலயே இருக்கு. எங்க பூட்டியோட வயலும் அந்த ஐப்பசிதான், 1936. ஒரு வருஷ வித்தியாசம் வில்லங்கச் சான்று எடுக்கறப்போ எவ்வளவு படுத்தும்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

இன்னும் பின்னால போனா தலை சுத்தும். தென்காசிக் கோயில் கட்ட ஆரம்பிச்சது சக வருஷம் 1368, அதாவது 1446, பராக்கிரம பாண்டியர் காலம். இதை மைக்ரோசாஃப்டோட எஸ்கியூஎல் சர்வர்ல பழைய டேட்டைம் வகையில ஏத்திப் பாருங்க, முடியாதுன்னு சொல்லிடும். அது 1753-க்கு முன்னாடி எதையும் வாங்காது. இங்கிலாந்துக்காரன் 1752-ல நாட்காட்டியை மாத்தினான், அதுக்கு முன்னாடி கணக்குப் போடறது தொந்தரவுன்னு அங்கேயே வேலி போட்டுட்டாங்க. நம்ம பாண்டியர் வேலிக்கு வெளிய நிக்கறார். மைஎஸ்கியூஎல்-ல டைம்ஸ்டாம்ப் வகை இன்னும் மோசம், 1970-க்கு முன்னாடி உலகமே கிடையாது, தாத்தாவும் கிடையாது அத்தையும் கிடையாது. 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிஷத்தோட அதுக்கு எதிர்காலமும் முடிஞ்சிடும்.

பாண்டியர் கல்வெட்டுல தேதி எழுதற முறை ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. "யாண்டு இத்தனையாவதின் எதிர் இத்தனையாவது"ன்னு எழுதுவாங்க. "2-ஆவதின் எதிர் 11"ன்னா ரெண்டையும் கூட்டி 13-ஆம் ஆட்சியாண்டுன்னு பொதுவா எடுத்துக்கறாங்க. ஏன் அப்படிச் சுத்தி வளைச்சு எழுதினாங்கன்னு ஆளாளுக்கு ஒரு விளக்கம். எனக்கு அதைப் பார்த்தா யுனிக்ஸ் கணக்குதான் ஞாபகம் வருது. ஒரு தொடக்கப் புள்ளி, அதுல இருந்து எவ்வளவு தூரம். போஸ்ட்கிரஸும் உள்ளுக்குள்ள 2000 ஜனவரி 1-ல இருந்து எத்தனை மைக்ரோ விநாடின்னுதான் ஒரு எண்ணை வெச்சுக்குது. "நேர மண்டலத்துடன்"னு அந்த வகைக்குப் பேரு, ஆனா நீங்க குடுத்த மண்டலத்தை அது ஞாபகமே வெச்சுக்கறதில்ல, யூடிசி-க்கு மாத்திட்டு மண்டலத்தைத் தூக்கிப் போட்டுடும். பேரைப் பார்த்து ஏமாந்தவங்க பட்டியல்ல நானும் உண்டு. பாண்டியன் ரெண்டு எண்ணையும் கல்லுல வெட்டி வெச்சான். நாம கூட்டித் தொலைச்சுட்டு விடையை மட்டும் வெச்சிருக்கோம்.

யூடிசி-யை முழுசா திட்டறேன்னு நினைக்காதீங்க. அது வேணும்ங்கற இடம் இருக்கு. 2024 மே 17 பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான். மலை மேல மழை எப்போ பெய்ஞ்சுது, தண்ணி எப்போ இறங்குச்சு, எச்சரிக்கை எப்போ போச்சு, ஆட்களை எப்போ வெளியேத்தினாங்க, இதெல்லாம் கணக்கு. ஒரு கருவி ஒரு நேரத்துல, இன்னொண்ணு இன்னொரு நேரத்துல பேசினா எல்லாம் வீண். அங்க ஒரே கடிகாரம், யூடிசி, விநாடி சுத்தமா வேணும்.

ஆனா அதே குற்றாலத்து மழையோட அன்றாடக் கணக்கைப் பாருங்க. வானிலைத் துறை மழையை அளக்கறது காலை 8.30-க்கு. 17-ஆம் தேதி மழை இத்தனை மில்லிமீட்டர்னா அது 16-ஆம் தேதி காலை 8.30-ல இருந்து 17 காலை 8.30 வரைக்கும் பெய்ஞ்சது. யூடிசி-ல அது காலை 3 மணி. 17-ஆம் தேதி மத்தியானம் நீங்க நனைஞ்ச மழை 18-ஆம் தேதி கணக்குல வரும். இது தெரியாம தேதியை வெச்சு வெள்ளத்தையும் மழையையும் ஒப்பிட்டு "மழையே இல்லாம வெள்ளம் வந்துச்சு"ன்னு படம் வரையறவங்க இருக்காங்க. ரயில்வேக்கு நாள் நடுராத்திரியில மாறுது, மழைக்கு எட்டரை மணிக்கு மாறுது, தாத்தா ஜாதகத்துக்குச் சூரிய உதயத்துல மாறுது. "செவ்வாய்க்கிழமை ராத்திரி, விடிஞ்சா புதன்"னு ஆச்சி சொல்றப்போ ரெண்டு நாட்காட்டியையும் சேர்த்தே சொல்லிடறாங்க. ஜாதகத்துல செவ்வாய், அது 27. பூட்டையா நோட்டுல 28. ரெண்டுமே சரி. யாராவது ஜாதகத்துல இருந்து கிழமையையும் நோட்டுல இருந்து மணியையும் எடுத்துச் சேர்த்தா தாத்தா ஒரு நாள் முந்திப் பொறந்திருப்பார், அத்தை மாதிரியே.

இலங்கை நண்பர்களுக்கு இது பழகின தலைவலியா இருக்கும். 1996 மே மாசம் அங்க கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளி 6.30 ஆக்கினாங்க, அக்டோபர்ல 6.00, 2006 ஏப்ரல்ல மறுபடி 5.30. புலிகள் கட்டுப்பாட்டுல இருந்த பகுதிகள்ல இந்த மாத்தத்தையே ஏத்துக்கல, பழைய நேரம்தான். ஒரே தீவு, சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு மணி, அந்தப் பக்கம் ஒரு மணி. 2000-ல அங்க பொறந்த குழந்தையோட நேரத்துக்கு "ஆசியா/கொழும்பு"ன்னு போட்டா, அது எந்தப் பக்கம் பொறந்த குழந்தைன்னு எந்த டேட்டாபேஸுக்கும் தெரியாது. அப்பா அம்மா சொன்னதை அவங்க சொன்னபடியே எழுதி வெச்சாத்தான் உண்டு.

ஆதார்ல ஒரு நல்ல காரியம் பண்ணியிருந்தாங்க, அதையும் சொல்லணும். பிறந்த தேதியோட, அது சான்று பார்த்ததா, ஆள் சொன்னதா, உத்தேசமான்னு ஒரு குறிப்பும் பதிவாகற மாதிரி வெச்சாங்க. தேதி தெரியாத பெரியவங்களுக்கு அட்டையில பிறந்த வருஷம் மட்டும் அச்சாகி வந்தது. எவ்வளவு நாணயமான ஏற்பாடு! ஆனா அந்தத் தகவல் அங்கிருந்து அடுத்த விண்ணப்பத்துக்குப் போனா, அங்க நாள் மாசம் இல்லாம கட்டம் நிறையாது, உடனே ஜனவரி 1. உத்தேசம்ங்கற வார்த்தை வழியிலேயே விழுந்து போகும். 2024 அக்டோபர்ல ஒரு விபத்து இழப்பீட்டு வழக்குல உச்ச நீதிமன்றம், வயசுக்கு ஆதார் ஆதாரமாகாது, பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கோன்னு சொல்லுச்சு. அந்தப் பள்ளிச் சான்றிதழ் எங்க அத்தைக்கு எப்படி வந்துச்சுன்னு மேல பார்த்தோம் :-)

கடைசியில நான் என் டேபிளை மாத்திட்டேன். பிறந்த நாளுக்கு ஒரே கட்டம்னு இருந்ததை உடைச்சேன். முதல் கட்டம் வெறும் எழுத்து: யாரு என்ன சொன்னாங்களோ அது, ஒரு எழுத்து மாறாம. "செவ்வாய்க்கிழமை ராத்திரி, விடிஞ்சா புதன்"னே ஏத்திட்டேன். அடுத்தது யாரு சொன்னது, நோட்டா, ஜாதகமா, பணிப்பதிவேடா, தாத்தா வாயா. அப்புறம் நேரமோ மண்டலமோ ஒட்டாத வெறும் தேதி. அதுவும் நாள் வரைக்கும் தெரியுமா, மாசம் வரைக்குமா, வருஷம் மட்டுமான்னு ஒரு குறிப்போட. கடிகார மணி தனி, எந்த ஊர்க் கடிகாரம்ங்கறது தனி. யூடிசி கட்டமும் இருக்கு, ஆனா அது மத்ததுல இருந்து கணக்குப் போட்டு வர்றது, எப்போ வேணா அழிச்சுட்டு மறுபடி போட்டுக்கலாம். ஒருத்தருக்கு நாலு வரிசை கூட வரலாம். அத்தைக்கு ரெண்டு: ஜூன் 2 சட்டப்படி, ஐப்பசி தாத்தா சொன்னபடி. நாலு டேபிள்னு ஆரம்பிச்சது ஒம்பது ஆயிடுச்சு. பொறந்த மாவட்டம்னு ஒரு கட்டம் வெச்சிருந்தேன், தாத்தாவுக்குத் திருநெல்வேலின்னு போடவா 2019-ல பிரிச்ச தென்காசின்னு போடவான்னு யோசிச்சு, அதை இப்போதைக்குக் காலியா விட்டிருக்கேன். அது இன்னொரு கிணறு.

எல்லாம் முடிச்சுட்டுத் தாத்தாகிட்ட திரையைக் காட்டினேன். யுத்த காலக் கடிகாரம், ஒரு மணி கழிச்சது, எல்லாத்தையும் விலாவாரியா சொன்னேன். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்போ எனக்கு லக்னம் என்னலே?"

"ரிஷபம்தான் தாத்தா. மிதுனம் இல்ல."

"அதைத்தான் ஜோசியர் அன்னைக்கே எழுதி வெச்சிருக்காரே. இதுக்கு எதுக்குலே மூணு நாளு அருவிக்குக் கூடப் போகாம உக்காந்திருந்த?"